ஸ்பிரிங் மாற்றியும் கார் இறங்கவில்லையா? முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கான பிழை நீக்கும் வழிமுறை

என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு முதன்முறை உயரம் குறைக்கும் ஸ்பிரிங் பூட்ட ஒரு சனிக்கிழமை முழுவதும் பிடித்தது. மாலையில் ஜாக்கியை இறக்கிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். பெட்டியில் 30 மி.மீ. இறங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். அளந்தால் முன்பக்கம் 17 மி.மீ., பின்பக்கம் 19 மி.மீ. தான் இறங்கியிருந்தது. தவறான ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டீர்கள் என்று விற்றவருக்குச் சூடாகக் கடிதம் எழுதினேன். அவர் கோபப்படவில்லை. "ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கும்போது கார் எங்கே இருந்தது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். கார் ஸ்டாண்டின் மேல், நான்கு சக்கரமும் தொங்கிய நிலையில் இருந்தது. மறுநாள் தரையில் நிறுத்தி, சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் அந்த ஆர்ம்களின் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். கார் முனகிக்கொண்டே என் கண் முன்னால் கீழே அமர்ந்தது.

அதற்குப் பிறகு நண்பர்களின் கார்களையும் சேர்த்துப் பல முறை இந்த வேலையைச் செய்திருக்கிறேன். வந்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஸ்பிரிங் அல்ல. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், போல்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில்தான் குற்றம் இருந்தது. அதனால் ஸ்பிரிங்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை விற்ற முதல் தலைமுறைக் காருக்கு உரியது. போட்டால் மேலெழும் முகப்பு விளக்கு உள்ள கார். ஜப்பானில் இதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். நான்கு மூலையிலும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் கொண்ட இரட்டை விஷ்போன் அமைப்பு இதில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங் மாற்றுவது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து ஸ்டீயரிங்கோடு திரும்பும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களுக்கானது. அதை அப்படியே இந்தக் காருக்குப் பொருத்தினால் இல்லாத பேரிங்கைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எதற்கும் முன்னால்: அளவு

"ரொம்ப இறங்கிவிட்டது", "சரியாக இறங்கவில்லை" என்பவரிடம் நான் முதலில் கேட்பது பழைய அளவைத்தான். பத்தில் எட்டுப் பேரிடம் அது இருக்காது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் குறித்து வையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயரின் காற்றும் தேய்மானமும் அந்த அளவைக் கெடுத்துவிடும். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் டயர் மாறினாலும் கணக்கு மாறாது. தரை சமமாக இருக்க வேண்டும். எரிபொருள் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். சுமார் ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள சிறிய கார் இது. டிக்கியில் வைக்கும் பெட்டிகூட அளவில் தெரியும்.

வேலை முடிந்துவிட்டது, பழைய அளவு கையில் இல்லை என்றால், இனி முழு உயரத்தை ஆராய வழியில்லை. இடது, வலது வித்தியாசத்தை மட்டும்தான் ஆராய முடியும்.

அறிகுறி: கார் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை

முதலில் காரைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஜாக்கியில் தூக்கும்போது சக்கரங்கள் உள்பக்கமாக இழுபடும். இறக்கும்போது டயர் தரையில் வழுக்கி வெளியே போக முடியாமல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அதனால் கார் உயரமாகவே நிற்கும். உருட்டிவிட்டு, பானெட்டையும் டிக்கியையும் கையால் நாலைந்து முறை அழுத்திவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். ஜாக்கி இறங்கிய மறுநிமிடம் எடுத்த புகைப்படத்தை வைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு இதுவே போதும்.

உருட்டிய பிறகும் குறையவில்லை என்றால், ஆர்ம்கள் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். இந்தக் காரின் ஆர்ம்கள் அச்சில் சுழல்வதில்லை. ரப்பர் புஷ்ஷின் உள்குழாயைப் போல்ட் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. வெளிக்கூடு ஆர்முடன் ஒட்டியிருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொடுக்கிறது. சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலையாகிவிடும். காரைக் கீழே இறக்கியதும் எல்லா ரப்பரும் முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு கூடுதல் ஸ்பிரிங்போலக் காரை மேலே தள்ளும். கார் இறங்காது. ஓட்டம் முரடாகும். சில மாதங்களில் ரப்பர் கிழியத் தொடங்கும். முப்பது வருஷம் பழைய ரப்பர் என்றால் இன்னும் சீக்கிரம்.

சரிசெய்யும் முறை: நான்கு சக்கரத்தின் கீழும் ஒரே உயரமுள்ள திடமான மரக்கட்டைகளை வைத்து, சக்கரத்தின் மேலேயே கார் நிற்கும்படி செய்யுங்கள். கை பிரேக் போட்டு, கட்டை நகராதபடி அடை கொடுங்கள். அசைந்தால் கீழே நுழையாதீர்கள். ஆர்ம் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, காரை அழுத்தி உட்காரவைத்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஷாக்கின் கீழ்ப் போல்ட்டும் அப்படியே.

ஒரு எச்சரிக்கை. கீழ் ஆர்மின் உள்பக்கப் போல்ட்டுகள் சாதாரணப் போல்ட்டுகள் அல்ல. தலையில் கோடு போட்ட, மையம் விலகிய எக்சென்ட்ரிக் வாஷர் இருக்கும். வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்களின் கோணங்களைத் திருத்துவது அவற்றால்தான். தளர்த்துவதற்கு முன் வாஷருக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பிறகு அதே கோட்டில் வைத்து இறுக்கலாம்.

இதுவும் சரியாக இருந்தால், முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். கம்பியில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். பெரும்பாலும் அந்த எழுத்து நேராகப் படிக்கும்படி நின்றால் ஸ்பிரிங்கும் நேராக நிற்கிறது என்று பொருள். ஸ்பிரிங்கின் நுனி, தட்டில் உள்ள படியில் போய் முட்டியிருக்க வேண்டும். படியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் அந்த மூலை உயரும். ஓரிரு வாரம் ஓடிய பிறகு புதிய ஸ்பிரிங் சில மி.மீ. மேலும் அமர்வதுண்டு. அதற்காகப் பொறுத்திருக்கலாம். 13 மி.மீ. தவறைப் பொறுமை சரிசெய்யாது.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

5 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். பல கார்கள் தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு இருந்தபோதே அவ்வளவு சாய்ந்துதான் நின்றிருக்கும். நீங்கள் அப்போது அளக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மேல் என்றால், சாயும் மூலையில் ஸ்பிரிங்கின் நுனியையும் புஷ் இறுக்கத்தையும் பாருங்கள். பிறகு, வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரின் இணைப்பு லிங்கை ஒரு பக்கம் கழற்றுங்கள். கார் உடனே சமமானால் பாரில் முறுக்கு நிற்கிறது. காரைத் தரையில் வைத்தே லிங்கை மறுபடி பூட்டினால் சரியாகிவிடும். கழற்றியும் சாய்வு மாறவில்லை என்றால் இடது, வலது ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் சட்டத்திலோ ஆர்மிலோ பழைய விபத்தின் அடி இருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: சிறிய பள்ளத்துக்கே முதுகு அதிர்கிறது

இந்தக் காரில் ஸ்பிரிங் மாற்றியவர்களிடம் நான் அதிகம் கேட்டது இதைத்தான். பலர் "ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். ஸ்பிரிங் கடினமாக இருப்பது வேறு, காருக்கு ஸ்பிரிங்கே இல்லாமல் போவது வேறு. இங்கே நடப்பது இரண்டாவது.

ஷாக்கின் தண்டைச் சுற்றி மேலே ஒரு ரப்பர் அல்லது நுரைத் துண்டு இருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். தண்டு உள்ளே போகப்போக ஷாக்கின் தலை அதில் முட்டி நிற்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரம் தொழிற்சாலையிலிருந்தே குறைவு. 30 மி.மீ. இறக்குகிறவர் அந்தக் குறைவான தூரத்திலிருந்து 30 மி.மீ. எடுத்துவிடுகிறார். விளைவாகக் கார் சும்மா நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டோ, தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளியிலோ நிற்கிறது. அடுத்த பள்ளத்தில் ஸ்பிரிங் வேலை செய்வதில்லை. அடி அந்த ரப்பர் துண்டில் விழுந்து, அங்கிருந்து இருக்கைக்குப் போகிறது.

கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டால் இது சரியாகாதா? கணக்குப் போடுங்கள். அடியை உள்வாங்கும் ஆற்றல், ஸ்பிரிங்கின் கடினத்தோடு நேராகவும், தூரத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. தூரத்தைப் பாதியாக்கிவிட்டு அதே அடியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக வேண்டும். கடையில் கிடைக்கும் தாழ்வு ஸ்பிரிங் எதுவும் அதன் அருகில்கூட வராது. மீதியைப் பம்ப் ஸ்டாப்தான் சுமக்கிறது.

சோதனை மலிவானது. தூசி உறையை மேலே தள்ளி, ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதை ஷாக்கின் தலைவரை இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எவ்வளவு தூரம் மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு ஷாக் அமுங்கியிருக்கிறது. டை பம்ப் ஸ்டாப்பில் நசுங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. முன்னும் பின்னும் தனித்தனியாகச் சோதியுங்கள். பெரும்பாலும் ஒரு அச்சுதான் மோசமாக இருக்கும்.

தீர்வுகளை என் விருப்ப வரிசையில் சொல்கிறேன். முதலாவது, ஷாக்கின் உச்சியைக் காரின் உடலோடு பிடிக்கும் மேல் மவுண்ட்டுகளுக்குப் பதிலாக இரண்டாம் தலைமுறைக் காரின் மவுண்ட்டுகளைப் பூட்டுவது. 1998-இலிருந்து 2005 வரை விற்ற அந்தக் காரின் மவுண்ட்டில் பம்ப் ஸ்டாப் இன்னும் மேலே உட்காரும். அதனால் தண்டுக்கு ஓடக் கூடுதல் தூரம் கிடைக்கிறது. பழைய கார் உடைக்கும் இடங்களில் கிடைக்கும். அதோடு வரும் ரப்பர் புஷ், வாஷர், ஸ்பிரிங் இருக்கை எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பாதியை வாங்கிவிட்டு மீதியைத் தேடி அலைந்தவன் நான். இரண்டாவது, பழைய கட்டி ரப்பருக்குப் பதிலாகப் படிப்படியாக இறுகும் குட்டையான நுரை ஸ்டாப். மூன்றாவது, இருக்கிற ஸ்டாப்பை வெட்டுவது. ஸ்பிரிங் தயாரிப்பாளர் எவ்வளவு வெட்டச் சொல்கிறாரோ அவ்வளவு மட்டும் வெட்டுங்கள். கூம்பான மெல்லிய நுனியை விட்டுவிட்டுத் தடித்த பக்கத்தில் வெட்டுங்கள். மெல்லிய நுனிதான் முதல் தொடுதலை மென்மையாக்குகிறது.

ஸ்டாப்பை முழுவதும் எடுத்துவிட்டு "இப்போது மெத்தைபோல ஓடுகிறது" என்று மகிழ்ந்த ஒருவரைத் தெரியும். அந்த மெத்தை ஒரு பனிக்காலம்தான் தாங்கியது. நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் பனி உருகும் மார்ச் மாதத்தில் சாலையெங்கும் குழிகள் திறக்கும். அப்படி ஒன்றில் உலோகம் உலோகத்தில் மோதி, ஷாக்கின் உள்வால்வு நொறுங்கிப்போனது.

இவை எதுவும் போதவில்லை என்றால் அவ்வளவு இறக்கியிருக்கக் கூடாது. 20 மி.மீ. இறங்கி உண்மையாகவே அமுங்கும் கார், 40 மி.மீ. இறங்கி ரப்பர் மேல் குதிக்கும் கார், இரண்டையும் ஒரே மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுபவரும் காரும் குதிரையும் வீரனும்போல ஒன்றாக வேண்டும் என்பது இந்தக் காரை வடிவமைத்தவர்கள் வைத்திருந்த கொள்கை. ஜப்பானிய மொழியில் அதை ஜின்பா இட்டாய் என்பார்கள். ரப்பர் மேல் குதிக்கும் குதிரையில் ஏறியவர் அதை உணர மாட்டார்.

அறிகுறி: ஒரு மேட்டைத் தாண்டியும் ஆடிக்கொண்டே போகிறது

முந்தையதற்கு நேர் எதிரானது. ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. பழைய மென்மையான ஸ்பிரிங்கை எப்படியோ அடக்கிக்கொண்டிருந்த ஷாக், புதிய கடினமான ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போது தோற்றுப்போகிறது. ஸ்பிரிங் அமுங்கும்போது சேமித்த ஆற்றலை விரியும்போது வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக்கின் வேலை. கடினம் கூடினால் அந்த வேலையும் கூடுகிறது.

ஷாக் கையில் கழன்று இருக்கும்போதே சோதிப்பது எளிது. தண்டை உள்ளே அழுத்துங்கள். எதிர்ப்பு முழுத் தூரத்துக்கும் ஒரேபோல இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் வெறுமையாக நழுவினால் அதைத் தூக்கிப் போடலாம். வாயு அடைத்த ஷாக் என்றால் கையை எடுத்ததும் தண்டு தானாக மெல்ல வெளியே வர வேண்டும். வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் சோதனையே தேவையில்லை. சில மாதிரிகளில் தொழிற்சாலையிலேயே பில்ஸ்டீன் ஷாக் வந்தது. அவை நல்லவை, ஆனால் அவற்றுக்கும் இப்போது முப்பது வயது. ஸ்பிரிங் மட்டும் வாங்கி, "ஷாக்கை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறவர் அடுத்த வருஷம் இதே வேலையை இரண்டாம் முறை செய்வார்.

அறிகுறி: சத்தம்

எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன் எப்போது வருகிறது என்று கேளுங்கள்.

மெதுவாகப் போகும்போது சிறிய மேடுகளில் மட்டும் "டக் டக்" என்றால் ஷாக்கின் உச்சியிலுள்ள நட்டைச் சந்தேகியுங்கள். தண்டும் சேர்ந்து சுழல்வதால் அந்த நட்டு முழுதாக இறுகாமல் போவது வழக்கம். தண்டைப் பிளையரால் பிடித்துச் சுழலாமல் வைக்க முயலாதீர்கள். பளபளப்பான அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அது சீலை அறுக்கும், எண்ணெய் ஒழுகும். தண்டின் நுனியைப் பிடித்துக்கொள்ள உரிய கருவியைப் பயன்படுத்துங்கள். வாஷர்களின் வரிசை மாறியிருந்தாலும் இதே சத்தம்தான். கழற்றும்போது புகைப்படம் எடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை, இல்லையென்றால் ஒரு மாலை. பின்பக்க நட்டுகள் டிக்கியின் உள்விரிப்புக்குப் பின்னால் இருக்கின்றன. பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது. ஸ்பேனர் அதன் முனைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சக்கரம் குழியில் தொங்கி மறுபடி ஏறும்போது "டங்" என்றால் ஸ்பிரிங் தளர்ந்து விழுகிறது. காரைத் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது. அசைந்தால் அந்த ஸ்பிரிங் அந்த ஷாக்குக்குக் குட்டை. ரப்பர் இருக்கையைப் போடாமல் விட்டிருந்தாலும் இப்படி ஆகும். இருக்கை சரியாக இருந்தும் ஸ்பிரிங் அசைந்தால் காரை ஓட்டாதீர்கள். இருக்கையிலிருந்து நழுவிய ஸ்பிரிங் டயரில் போய் உராயலாம்.

நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகினால், மெக்ஃபர்சன் அறிவுரை உங்களை வழிதவற வைக்கும் இடம் இதுதான். ஸ்ட்ரட் உள்ள காரில் ஸ்டீயரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்புகிறது. மேலே பேரிங் இருக்கிறது, அது முனகலாம். எம்எக்ஸ்-5 காரில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் திரும்புவதே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் பகுதி மட்டும் மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளில் திரும்புகிறது. ஆகவே முனகல் அங்கிருந்து வருகிறது. ஆர்மைக் கழற்றும்போது ஜாயின்ட்டைச் சுத்தியலால் அடித்திருந்தால் அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே நீர் போயிருக்கும்.

பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் ஒவ்வொரு முறை "டொக்" என்றால் உடனே நிறுத்துங்கள். ஏதோ ஒரு ஆர்ம் போல்ட் கையால் மட்டும் இறுக்கி மறந்துபோயிருக்கிறது, இல்லாவிட்டால் சக்கர நட்டு தளர்ந்திருக்கிறது. சக்கர நட்டுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்து சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மறுபடி சரிபாருங்கள். நான் இறுதியாக இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இல்லாத போல்ட் இன்னும் முடியாத போல்ட்.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது நெடுஞ்சாலையில் அலைகிறது

அலைன்மென்ட் செய்யவில்லை, அல்லது செய்ததாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்கள். கார் இறங்கும்போது ஆர்ம்களின் கோணம் மாறுகிறது. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து, நெகட்டிவ் கேம்பர் கூடுகிறது. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவும் நகர்கிறது. கேம்பர் சிறிது கூடினால் டயரின் உள்விளிம்பு கொஞ்சம் வேகமாகத் தேயும், பெரிய ஆபத்து இல்லை. டோ தவறினால் டயர் வெகு சீக்கிரம் போய்விடும். பின்சக்கரங்கள் வெளிப்பக்கம் நோக்கித் திரும்பியிருந்தால் ஈரச் சாலையில் வால் வீசும். இவ்வளவு குட்டையான காரில் அது விளையாட்டல்ல. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2265 மி.மீ. மட்டுமே இருக்கிறது.

தெருவில் ஓட்டும் காருக்குப் பலரும் தொடங்கும் அளவு: முன் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, நான்கு சக்கரத்திலும் மிகச் சிறிதளவு உள்நோக்கிய டோ. பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணமான காஸ்டரும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். அதில் வித்தியாசம் இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தால் நீங்களே ஏறி உட்காருங்கள்.

ஒரு கடையில் எனக்குக் கொடுத்த அச்சிட்ட தாளில் பின்பக்க எண்கள் "திருத்தும் முன்", "திருத்திய பின்" இரண்டு நெடுவரிசையிலும் ஒன்றாகவே இருந்தன. கேட்டபோது "பின்பக்கம் திருத்த வசதி இல்லாத கார்" என்றார்கள். நான்கு மூலையிலும் திருத்தலாம் என்பது இந்தக் காரின் பெரிய வசதி. உண்மை வேறாக இருந்தது. எக்சென்ட்ரிக் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை, அதைச் சொல்ல அவர்களுக்கு விருப்பமில்லை. உப்புத் தூவும் சாலையில் ஓடிய காரில் போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் ஒன்றாகவே துருவில் ஒட்டிவிடும். அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, நீங்களே எட்டு போல்ட்டும் திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். நட்டு திரும்பியும் போல்ட் திரும்பவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். வெட்டி எடுத்து, புதிய போல்ட்டும் புதிய புஷ்ஷும் போட வேண்டியதுதான்.

ஸ்பிரிங் அமர ஓரிரு வாரம் காத்திருந்து பிறகு அலைன்மென்ட் செய் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு வாரமும் டயர் தேயக் கூடாது. காரின் இரு பக்கமும் நீளமாக நூல் கட்டி டோவை மட்டும் தோராயமாக நேர்செய்துவிட்டுக் காத்திருங்கள்.

அறிகுறி: டயர் உரசுகிறது

தொழிற்சாலை அளவான 185/60 ஆர்14 டயர் சிறிய இறக்கத்தில் உரசாது. உரசுகிறது என்றால் சக்கரம் அகலமானதாகவோ வெளியே தள்ளியதாகவோ இருக்கும், இல்லையென்றால் மறுபடி பம்ப் ஸ்டாப் கதைதான். ஸ்டாப்பை எடுத்துவிட்டால் சக்கரம் எங்கே போய் நிற்கும்? மட்கார்டில். சாக்பீஸ் பொடியை மட்கார்டின் உள்விளிம்பில் பூசி ஓட்டிப் பாருங்கள். அழிந்த இடம் தொட்ட இடம். முழுக்கத் திருப்பும்போது மட்டும் முன்பக்கம் உரசினால் உள்ளேயுள்ள பிளாஸ்டிக் உறையின் கிளிப் கழன்றிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னும் சில

பிரேக் பெடல் மென்மையாகிவிட்டது என்றால் வேலையின்போது பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிட்டீர்களா என்று யோசியுங்கள். குழாய் உள்ளே கிழிந்திருக்கலாம். சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, குழாயும் ஏபிஎஸ் இருந்தால் அதன் கம்பியும் முறுக்காமல், இழுபடாமல் இருக்கின்றனவா பாருங்கள்.

முகப்பு விளக்கின் ஒளி மேலே போகிறது அல்லது கால் முன்னாலேயே விழுகிறது என்றால், முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை. சுவரில் பழைய உயரத்தைக் குறித்திருந்தால் திருகைத் திருப்பி உடனே சரிசெய்யலாம்.

ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் நழுவி முகத்தருகே பறந்தது என்று சொல்கிறவரைச் சந்தித்திருப்பீர்கள். தாழ்வு ஸ்பிரிங்கைப் பூட்டுவது எளிது, குட்டையானது. ஆபத்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதில் இருக்கிறது. இரண்டு கொக்கிகளும் நேர் எதிரெதிரே இருக்கட்டும், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், உச்சி நட்டைக் கழற்றும்போது தலையை அதன் நேராக வைக்காதீர்கள். காற்று அழுத்தத் துப்பாக்கியால் கம்ப்ரசரை இறுக்கக் கூடாது. கம்ப்ரசரின் திருகு தேய்ந்திருந்தால் அதைக் கடன் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாம் சரியாகி, கார் அழகாக இறங்கி நிற்கும். அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போகும்போது ஜாக்கி அடியில் நுழையாது. இரண்டு அங்குலத் தடிமனுள்ள இரண்டு பலகைகளை வெட்டி டிக்கியில் போட்டுவையுங்கள். முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றிவிட்டால் நடுக்குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஜாக்கி போய்விடும். பக்கவாட்டு விளிம்பில் ஜாக்கி வைப்பதாக இருந்தால், பற்றவைத்த அந்த மடிப்பு நசுங்காமல் இருக்க, காடி வெட்டிய ரப்பர் கட்டை ஒன்றும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.